உண்டியற் காசும் ஓசூர்ப் பசியும்

தாது வருஷப் பஞ்சத்தை ஓசூர், கிருஷ்ணகிரிச் சீமையார் மறக்கலாகாது. அவ்விரு தாலுகாக்களும் அன்று அடங்கியிருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871-க்கும் 1881-க்கும் இடையே மூன்றரை லக்ஷத்துக்கு மேல் குறைந்தது. ஸர் ரிச்சர்டு டெம்பிள் துரையோ, 1877-இல் நிவாரண வேலை செய்தோரின் தானியப் படியை நாளொன்றுக்கு ஒரு ராத்தலாக வெட்டினார்!

இன்று அங்கே பசி வேறு வேஷம் பூண்டிருக்கிறது. சிப்காட் ஆலைகளை நம்பி ஒடிஸ்ஸா, பீஹார் முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்தோர் பலருக்கு 2020 ஊரடங்கில் வேலை போயிற்று. ரேஷன் கார்டோ சொந்த ஊரில் கிடந்தது. ‘ஒரே நாடு, ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அவ்வருஷம் அக்டோபரில்தான். பஞ்சம் கழிந்தபின் பத்தாயம் திறந்த கதை!

தவக்காலந்தோறும் ‘காரித்தாஸ் இந்தியா’ பசி, பிணி எதிர்ப்புக்கென்று கத்தோலிக்க மக்களிடம் நிதி திரட்டுகிறது. 1997-இல் ஏற்பட்ட தர்மபுரி மறைமாவட்டத்தில் ஓசூரும் அடக்கம். உபவாசமிருந்து மிச்சம் பிடித்த காசைக் குறை கூறுவார் யார்? ஆயினும் அது ஒருநாள் அன்னதானத்தோடு தீர்ந்துவிடலாகாது. ரேஷன் அரிசி பிச்சையன்று, பாத்தியதை. கார்டு செல்லாமல் திகைக்கும் கூலியாளைத் தேடிப் பிடித்து, மனு எழுதிக் கொடுத்து, கடை வாசலில் அவனோடு நிற்பதற்கும் ஒரு பங்கு செலவாகட்டும். மாதாகோயில் கமிட்டியார் வரும் தவக்காலத்திலேயே இதைத் தொடங்கலாம்.