தண்டனை செத்த குதிரைக்கா?

கிண்டிக் குதிரைப் பந்தயத்தில் வாரக் கூலியைத் தொலைத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பிய பாட்டாளித் தோழர்களை நாம் அறிவோம். அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டத்தான் 1974ஆம் ஆண்டு கழக அரசு சட்டம் கொண்டுவந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் என்ன சொல்லிற்று? குதிரைப் பந்தயம் சூதாட்டமல்ல, திறமைக்குரிய ஆட்டம் என்றது! குதிரையின் வலிமையையும் ஜாக்கியின் சாமர்த்தியத்தையும் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்களாம். இருக்கட்டும். குதிரையின் இரத்தத்தில் கலந்த மருந்தை எந்தத் திறமையால் எடைபோடுவது?

கற்பனையாகக் கேட்கவில்லை. அமெரிக்காவிலே, கெண்டக்கி மாநிலத்திலே நடந்த கதையைக் கேளுங்கள்.

2021 மே 1ஆம் நாள் கெண்டக்கி டெர்பியில் மெடினா ஸ்பிரிட் என்ற குதிரை முதலாவதாக வந்தது. குட்டியாக ஏலத்தில் ஆயிரம் டாலருக்கு விலைபோனது. ஏழைக் குதிரை என்றே சொல்லலாம்! பரிசோ 18 இலட்சத்து 60 ஆயிரம் டாலர். பயிற்சியாளர் பாப் பாபர்ட், பந்தய உலகின் பெரும்புள்ளி. ஒரு வாரம் கழித்து இரத்தச் சோதனையின் முடிவு வெளிவந்தது. பீட்டாமெத்தசோன் என்ற மருந்து, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 21 பிக்கோகிராம்!

துளியிலும் துளிதானே என்று வாதாடினார்கள். அந்த மருந்தின் வேலை என்ன? மூட்டு வீக்கத்தை அடக்கும், வலியை மறைக்கும். வலித்தால் நொண்டி நிற்கும் குதிரை, வலி மறைந்தால் ஓடும். ஓடி எலும்பை முறித்துக்கொள்ளும். மேலே இருக்கும் கூலிக்கார ஜாக்கியையும் சேர்த்துச் சாய்க்கும். ஆகவேதான், சிகிச்சைக்கு அனுமதித்த மருந்தே ஆனாலும் பந்தய நாளன்று இரத்தத்தில் இருக்கவே கூடாது என்று விதி வைத்தார்கள்.

'அந்த மருந்தைக் கொடுக்கவே இல்லை' என்றார் பாபர்ட். இரண்டே நாளில், தோல் நோய்க்குத் தடவிய களிம்பிலே இருந்திருக்கலாம் என்றார். களிம்பு என்றே வைத்துக்கொள்வோம். எந்த வழியில் புகுந்தாலும் பொறுப்பு பயிற்சியாளருடையது என்பதும் அங்குள்ள விதிதானே! முந்திய ஆண்டு, 2020இல், அவர் லாயத்துக் குதிரை கேமீனிடமும் இதே மருந்து அகப்பட்டது. அபராதம் 1,500 டாலர். வெற்றிலை பாக்குச் செலவு!

மெடினா ஸ்பிரிட் வழக்கில் தீர்ப்பு 2022 பிப்ரவரியில் வந்தது. பட்டம் பறிக்கப்பட்டது, பாபர்ட்டுக்கு 90 நாள் தடை, 7,500 டாலர் அபராதம். பட்டத்தை இழந்த குதிரை எங்கே? 2021 டிசம்பர் 6ஆம் நாளே கலிபோர்னியாவில் பயிற்சி ஓட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்து செத்துவிட்டது. சாவுக்குக் காரணம் இன்னதென்று பிணப்பரிசோதனையில் உறுதியாகவில்லை. மருந்தால்தான் செத்தது என்று நாமும் சொல்லமாட்டோம். டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தார் பாபர்ட்டுக்குத் தனியே போட்ட தடையும் 2024இல் நீங்கிற்று. 2025 டெர்பியில் அவர் குதிரை மறுபடி ஓடியது.

சிறைக்குப் போன பயிற்சியாளர்களும் உண்டு. ஹோர்ஹே நவாரோ என்பவர் குதிரைகளுக்குத் திருட்டு மருந்து ஏற்றியதற்காக 2021இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த வழக்குகூட மருந்துக் கலப்படச் சட்டத்தின் கீழ்தான்.

இனி, பணம் கட்டியவனுக்கு வருவோம். டெர்பியில் இரண்டாவதாக வந்த மாண்டலூன் வெற்றிக் குதிரையென அறிவிக்கப்பட்டது. உரிமையாளருக்குப் பரிசும் பெருமையும்! அதன்மேல் பணம் கட்டிய சாமானியனுக்கு? சல்லிக்காசு இல்லை! முடிவை அறிவித்துப் பணம் பட்டுவாடா செய்துவிட்டால், பின்னால் எந்த உண்மை வெளிவந்தாலும் அந்தக் கணக்கைத் திறக்கமாட்டார்களாம். சீமான்களின் பரிசுக் கணக்கை மட்டும் ஒன்பது மாதம் கழித்தும் திருத்தலாம்!

திறமைக்குரிய ஆட்டம் என்கிறார்களே, அன்று மாண்டலூன்மேல் 2 டாலர் கட்டியவன் கணிப்பிலே தோற்றானா, களிம்பிலே தோற்றானா?