அடுகோடி பிஸ்டனும் ஆம்பூர் காதுகுத்தும்

அடுகோடி என்றதும் நம்மில் பலருக்கு மைக்கோதான் நினைவுக்கு வரும். 1951-இல் தொடங்கி, 2008-இல் பாஷ் என்று பெயர் மாறிய நிறுவனம். அந்தத் தொழிற்சாலையைச் சுற்றிய சந்துகளில் லேத் பட்டறை வைத்துப் பிழைத்த தமிழர்களில் நானும் ஒருவன். 1988 சித்திரையில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். வீட்டில் பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

சோழவரம் பழைய விமானத் தளத்தில் மோட்டார் பந்தயம் பார்த்து வளர்ந்தவன் நான். என் புல்லட்டும் அப்படிப் பறக்க வேண்டும் என்று ஆசை. இன்ஜினைப் பிரித்து, போர் போட்ட கையோடு, தலை மேடாக இருக்கும் பிஸ்டன் ஒன்றை வாங்கி மாட்டினேன். மேடு வால்வில் இடிக்காமலிருக்க, களிமண் வைத்து அளந்து, பள்ளமும் வெட்டினேன். அளக்க வேண்டிய இன்னொன்றை அளக்கவில்லை.

கணக்கு எளிது. 350 புல்லட்டில் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. பிஸ்டன் ஒரு முறை மேலேறும்போது தள்ளும் கொள்ளளவு 346 சி.சி. அது உச்சிக்கு வந்து நின்றபின் மிஞ்சும் இடம் 63 சி.சி. என்றால், இரண்டையும் கூட்டி 63-ஆல் வகுக்க வேண்டும். விடை 6.5. இதுதான் அமுக்க விகிதம்; பட்டறையில் கம்ப்ரஷன் என்போம். பிஸ்டன் தலை மேடானால் மிஞ்சும் இடம் சுருங்கும், விகிதம் ஏறும். பள்ளமானால் இறங்கும்.

பெங்களூரில் வண்டி அற்புதமாக ஓடியது. ஓசூர் ரோட்டில் என்னை முந்த ஆளில்லை! அந்தத் தைரியத்தில், ஆம்பூரில் அக்கா மகளின் காதுகுத்துக்கு விடியலில் வண்டியிலேயே கிளம்பினேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்?

கிருஷ்ணகிரி தாண்டியதும் ஏற்றத்தில் டிக் டிக் என்று தட்டல் கேட்டது. கவனிக்காமல் முறுக்கினேன். நாட்றம்பள்ளி தாண்டி இன்ஜின் நின்றுவிட்டது. பிஸ்டன் தலையில் ஓட்டை. லாரியில் வண்டியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஆம்பூர் சேர மத்தியானம் ஆகிவிட்டது. நல்ல நேரம் போய்விடுமென்று சித்தப்பா மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

திரும்பி வந்ததும், மைக்கோவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் பிளக்கைக் காட்டினேன். வெள்ளைப் பீங்கானில் ஒட்டியிருந்த பொடிப் பொடி அலுமினியத் துளிகளைக் காட்டி, "உன் பிஸ்டன்தான்ப்பா இது" என்றார். அழுத்தமும் சூடும் மிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே ஓரத்தில் இருக்கும் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும். அதுதான் தட்டல். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் உலோகம். எத்தனை நேரம் தாங்கும்?

"இங்கே ஏன் தட்டவில்லை?" என்று கேட்டேன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் அந்த அளவு குறைவு. ஊர்ப்பக்கம் இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது, வெயிலும் ஏறுகிறது. மேட்டில் பிழைத்த கம்ப்ரஷன் சமவெளியில் செத்துவிட்டது.

அதே வகைப் புதுப் பிஸ்டனைப் போட்டு, உச்சியில் நிறுத்தி, வண்டியைச் சாய்த்து பிளக் துளை வழியே ஊசிக்குழலால் எண்ணெய் விட்டு அளந்தோம். துளையின் மரை கொள்ளும் அளவைக் கழித்தால் 44 சி.சி.; விகிதம் 8.9! ஏட்டுக் கணக்கில் 6.5-ஐவிடப் பத்து சதவீதம் கூடுதல் பலன்தான். ஆனால் அன்றைய பெட்ரோலுக்கும் காற்றால் குளிரும் இன்ஜினுக்கும் அது அதிகம்.

பெரியவர் சொன்னபடி சிலிண்டருக்கு அடியில் 2 மி.மீ. தகடு வைத்தேன். 7.7 சி.சி. கூடி, விகிதம் 7.7-க்கு இறங்கியது. பள்ளத்தின் கூரான விளிம்புகளை எமரியால் மழுக்கினேன். கூர்முனை பழுத்துச் சிவந்தால் அதுவே தீ மூட்டிவிடும். பற்றவைக்கும் நேரத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

இன்று பங்கில் வாங்கும் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91-க்குக் குறையாது. கொஞ்சம் தாராளமாகப் போகலாம். ஆனாலும் பழைய புல்லட்டுக்கு மேடு பிஸ்டன் கேட்டு வரும் பையன்களிடம் விலை பேசுமுன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: "தம்பி, ஊருக்கு இந்த வண்டியிலதான் போவியா?"