மூன்றாவது ஆணி

ஃபுளோரிடாவில் வீட்டு இன்ஷூரன்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் பெருமூச்சுதான் முதலில் வரும். பிரிமியம் அந்த அளவுக்கு ஏறியிருக்கிறது. சில கம்பெனிகள் மாநிலத்தை விட்டே போய்விட்டன. ஆனால் நான் போகிற வீடுகளில் பலர், சட்டப்படி தமக்குச் சேரவேண்டிய ஒரு தள்ளுபடியைக் கேட்காமலே ஆண்டுக்கணக்காக முழுப் பணத்தையும் கட்டியிருக்கிறார்கள். புயல்காற்றைத் தாங்கும் அம்சங்கள் வீட்டில் இருந்தால் பிரிமியத்தில் காற்றுக்குரிய பகுதியைக் கம்பெனி குறைத்தாக வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் சட்டம். அது தானாக வராது. உரிமம் பெற்ற ஒருவர் வீட்டைப் பார்த்து, படம் எடுத்து, படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். 'வின்ட் மிட்டிகேஷன் இன்ஸ்பெக்‌ஷன்' என்று அதற்குப் பெயர். டேம்பா வட்டாரத்தில் எனக்கு அதுதான் தொழில்.

எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். படித்தது சிவில். புயலுக்கு முந்தைய நாள் கூரை மேல் மணல் மூட்டை ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன், ஆகவே ஒரு கூரை எந்த இடத்தில் பிய்யத் தொடங்கும் என்று பார்ப்பது எனக்குப் பழகிப்போனது.

இந்தப் படிவத்தின் பின்னால் ஒரு பேரழிவு இருக்கிறது. 1992 ஆகஸ்ட் 24 அதிகாலையில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியில் கரையேறியது. 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின; சேதமானவை ஒரு லட்சத்துக்கும் மேல். இடிபாடுகளைப் பார்வையிட்ட பொறியாளர்களுக்கு ஒன்று தெளிவானது. காற்று கொடியது என்பதில் சந்தேகமில்லை, ஆனால் கட்டிய விதமும் கொடியதாக இருந்தது. பல கூரைகளில் பலகையை ஆணியால் அடிக்காமல் ஸ்டேப்பிளால் குத்தியிருந்தார்கள். அதிலும் பல கம்பிகள் கீழே உள்ள மரச்சட்டத்தில் இறங்கவே இல்லை. பலகையைத் துளைத்துக்கொண்டு வெறும் காற்றில் தொங்கின. அதன் பிறகுதான் தென் ஃபுளோரிடாவில் 1994-லும், மாநிலம் முழுவதும் 2002 மார்ச் 1 முதலும் கட்டட விதிகள் இறுக்கப்பட்டன. இன்றைக்கும் படிவத்தின் முதல் கேள்வி, வீடு எந்த விதிப்படி கட்டப்பட்டது என்பதுதான்.

சென்ற கோடையில் ஒரு தமிழ்த் தம்பதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். எண்பதுகளில் கட்டிய வீடு, காங்கிரீட் பிளாக் சுவர், மேலே மரக்கூரை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நான் கூரைக்கடியில் உள்ள ஆட்டிக்குள் நுழைந்து வெகுநேரம் வெளியே வராததில் அவருக்குக் கவலை.

"தம்பி, கூரையைப் பாக்கணும்னா மேல ஏறணும். உள்ள போயி ஏன் இப்படி வேகுறீங்க?"

"சார், கூரை நிக்குறதும் போறதும் உள்ளதான் இருக்கு. கொஞ்சம் டார்ச்சை இந்தப் பக்கம் பிடிங்க."

வேகத்தான் செய்தது. கோடையில் அந்த இடத்தில் நிமிர முடியாது. பஞ்சு போல் கொட்டிய இன்சுலேஷன் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். சட்டத்துக்குச் சட்டம் முழங்கால் வைத்து, சுவரும் கூரையும் சேரும் மூலை வரை ஊர்ந்து போக வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

காற்று கூரையை மேலிருந்து அமுக்கி உடைப்பதில்லை. கூரைக்கு மேல் விரைந்து ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே நேரத்தில் ஒரு ஜன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால், கீழிருந்தும் தள்ளுகிறது. எதிர்க்காற்றில் குடை மடங்கி மேல்பக்கமாக விரிந்துகொள்வது போலத்தான் கூரை போகிறது. அதனால் கேள்வி எல்லாம் பிடிமானம் பற்றியது: பலகையைச் சட்டம் பிடித்திருக்கிறதா, சட்டத்தைச் சுவர் பிடித்திருக்கிறதா?

பேராசிரியர் வீட்டில் சட்டத்தையும் சுவரையும் இணைக்கும் இரும்புப் பட்டைகள் இருந்தன. காங்கிரீட்டில் பதித்து மேலே கொண்டுவந்த நல்ல பட்டைகள், துருகூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டே ஆணிகள். மூன்றாவது துளை காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. படிவத்தின் விதி திட்டவட்டமானது: பட்டை ஒன்றுக்குக் குறைந்தது மூன்று ஆணிகள், சட்டத்துக்கும் பட்டைக்கும் இடைவெளி அரை அங்குலத்துக்குமேல் கூடாது, கடும் துரு கூடாது. இதில் ஒன்று குறைந்தாலும் பட்டையே இல்லாமல் சாய்வாக ஆணி அடித்த வீடாகத்தான் கணக்கு. ஒரு ஆணி இல்லாததால் பெரிய தள்ளுபடிகளில் ஒன்று இவ்வளவு காலமும் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து வீடுகளில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

"இதுக்கு என்ன செய்யணும்?" என்றார்.

"ஒரு தச்சரைக் கூப்பிட்டு எல்லாப் பட்டையிலும் மூணாவது ஆணி அடிக்கச் சொல்லுங்க சார். எல்லாத்துலயும். ஒண்ணு விட்டாலும் நான் எழுதமாட்டேன்."

இதைக் கறாராகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பிடிமானம் பற்றிய கேள்விகளில் இந்தப் படிவம் 'எது மிகப் பலவீனமான இணைப்பு?' என்று மட்டுமே கேட்கிறது. சராசரி கேட்பதில்லை. காற்றும் அப்படித்தான் தேடும். இந்தக் கேள்வியை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

பலகை ஆணிக்கும் இதே கண்டிப்புதான். இரண்டு அங்குல ஆணியா, இரண்டரை அங்குல ஆணியா, நடுப்பகுதியில் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்றா ஆறு அங்குலத்துக்கு ஒன்றா என்று டேப்பை வைத்துப் படம் எடுக்கிறேன். இரண்டரை அங்குல ஆணியைப் பன்னிரண்டு அங்குல இடைவெளியில் அடித்த கூரை சதுர அடிக்கு 103 பவுண்டு தூக்குவிசையைத் தாங்கும் என்று கணக்கு. ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்றால் 182. இடையில் நிற்பது ஒரு கைப்பிடி ஆணிதான்.

கூரையின் வடிவத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நான்கு பக்கமும் சாய்ந்தால் தள்ளுபடி உண்டு, முக்கோணச் சுவர் வைத்த இரண்டு பக்கச் சாய்ப்புக்குக் கிடையாது, அதை எளிதில் மாற்றவும் முடியாது.

ஜன்னல் கதவுகள் விஷயத்தில்தான் மக்கள் மிகுதியாகச் செலவழித்து மிகுதியாக ஏமாறுகிறார்கள். மோதலைத் தாங்கும் கண்ணாடிக்குச் சோதனையே வேறு: ஒன்பது பவுண்டு மரக்கட்டையை நொடிக்கு ஐம்பது அடி வேகத்தில் அதன்மீது எறிவார்கள். பிறகு அதே கண்ணாடியை ஆயிரக்கணக்கான முறை உள்ளும் புறமுமாக அழுத்திப் பார்ப்பார்கள். அப்படித் தேறிய ஜன்னல்களை வீடு முழுக்கப் போட்டுவிட்டு, குளியலறையின் சின்ன ஜன்னலை மட்டும் 'அது எதுக்கு' என்று விட்டுவிடுகிறார்கள். முழுத் தள்ளுபடி வேண்டுமானால் கண்ணாடி உள்ள எல்லாத் திறப்பும் காக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஒரு ஜன்னலால் மற்ற எல்லாவற்றுக்கும் கொட்டிய பணம், தள்ளுபடியைப் பொறுத்தவரை, வீண். கராஜ் கதவையும் மறந்துவிடாதீர்கள். வீட்டின் மிகப் பெரிய திறப்பு அதுதான்.

கூரை மாற்றப்போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று. பழைய ஷிங்கிள் ஓடுகளைப் பிரித்துப் பலகை வெளியே தெரிகிற அந்த ஒருநாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். பலகை இணைப்புகளின் மேல், அல்லது கூரை முழுக்க, தானாக ஒட்டிக்கொள்ளும் தார்ப்பட்டை போடச் சொல்லுங்கள். ஷிங்கிள் பறந்தாலும் மழைநீர் இடுக்கு வழியே வீட்டுக்குள் இறங்காமல் அது காக்கும். அதற்கும் தனித் தள்ளுபடி இருக்கிறது. புதிதாக அடித்த ஆணிகளையும் தார்ப்பட்டையையும் படம் எடுங்கள், பெர்மிட் காகிதத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். மேலே ஷிங்கிள் மூடிவிட்டால் நான் எதைப் பார்த்து எழுதுவேன்? நல்ல வேலை செய்தும் ஆதாரம் இல்லாமல் தள்ளுபடியை இழந்தவர்கள் ஏராளம்.

பணக்கணக்கு இப்படி. தள்ளுபடி மொத்த பிரிமியத்தில் கிடையாது. காற்றுக்குரிய பகுதியில் மட்டும். ஒரு பேச்சுக்கு, 4,000 டாலர் பிரிமியத்தில் 2,500 காற்றுக்கு என்றால், நாற்பது விழுக்காடு தள்ளுபடி 1,000 டாலரைக் குறைக்கும். ஆய்வுக்கு நூறு டாலரை ஒட்டித்தான் செலவாகும். படிவம், வீட்டில் பெரிய மாற்றம் இல்லாதவரை, ஐந்து ஆண்டுகள் செல்லும். வீட்டை வலுப்படுத்த 'மை சேஃப் ஃபுளோரிடா ஹோம்' என்ற மாநிலத் திட்டமும் இருக்கிறது. 2006-இல் தொடங்கி, நின்றுபோய், 2022-இல் மறுபடி உயிர்பெற்றது. முதலில் இலவச ஆய்வு. அதன்பின் தகுதி உள்ளவர்களுக்கு, நாம் போடும் ஒவ்வொரு டாலருக்கும் அரசு இரண்டு டாலர் என்று 10,000 வரை மானியம். ஒதுக்கிய நிதி தீர்ந்தால் விண்ணப்பம் மூடிவிடும், அதனால் காத்திருக்க வேண்டாம்.

மனதை உறுத்துவது ஒன்றுண்டு. ஆட்டிக்குள் தலையைக்கூட நுழைக்காமல், வாசலில் நின்றே எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்த படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தே பொய்யாக எழுதுவது ஃபுளோரிடாவில் குற்றம். கம்பெனி தன் செலவில் மறு ஆய்வுக்கு ஆள் அனுப்பினால் தள்ளுபடியும் போகும். அதைவிட மோசமானது, தம் வீடு வலுவானது என்று ஒரு குடும்பம் நம்பிக்கொண்டு புயலன்று உள்ளேயே இருந்துவிடுவது. உங்கள் வீட்டுக்கு வருபவர் ஏணி, டார்ச், டேப் இல்லாமல் வந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

பேராசிரியர் வீட்டுக்கு மறுபடி போனபோது எல்லாப் பட்டையிலும் மூன்றாவது ஆணி ஏறியிருந்தது. வடகிழக்கு மூலையில் கை எட்டாத ஒரு பட்டையைத் தச்சர் முதலில் விட்டுவிட்டாராம். "என் மனைவி டார்ச் அடிச்சு எண்ணிப் பாத்துட்டு, திரும்பக் கூப்பிட்டு அடிக்க வெச்சா" என்றார் பெருமையாக. அன்று மாலையே படிவத்தை ஏஜெண்டுக்கு அனுப்பச் சொன்னேன். பாலிசி எடுக்கும்போதும் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் எந்த அம்சத்துக்கு எவ்வளவு தள்ளுபடி என்று கம்பெனி ஒரு அறிவிப்பு அனுப்புகிறது. 1655 என்ற எண்ணுள்ள காகிதம் அது. அதையும் எங்கள் படிவத்தையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஏதாவது விடுபட்டிருந்தால் ஏஜெண்டைக் கூப்பிட்டு, எழுத்தில் பதில் கேளுங்கள்.