நள்ளிரவுக்கு மேல் ஊர் ஏன் அடங்குகிறது? கோலாலம்பூரும் சிங்கப்பூரும்

கோலாலம்பூரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ சிங்கப்பூருக்கு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு தே தாரிக் குடிக்கக் கடை தேடி அலைய வேண்டியிருக்கிறது, ஊரே அடங்கிப் போகிறது என்பார்கள். அங்கிருந்து இங்கு வருகிறவர்களுக்கோ வேறு வியப்பு. பின்னிரவு இரண்டு மணிக்குப் பிள்ளைகுட்டியோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்களே, இவர்களுக்கு நாளைக்கு வேலை இல்லையா என்று கேட்பார்கள்.

இரண்டு நகரங்களுக்கும் ஒரே வெயில், ஒரே மழை. மக்களும் ஏறக்குறைய ஒரே கலவைதான், சாப்பாடும் அப்படியே. ரயில்கூட இரண்டு ஊரிலும் நள்ளிரவை ஒட்டியே நின்றுவிடுகிறது. அப்படியிருந்தும் இரவு மட்டும் வேறாக இருக்கிறது. சிங்கப்பூரர் கட்டுப்பாடானவர்கள், நம்மவர்கள் ஊர் சுற்றிகள் என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். ஆனால் மனிதரின் குணத்தைவிட மூன்று சின்ன விஷயங்கள்தாம் இதில் அதிகம் வேலை செய்கின்றன: வீடு திரும்ப ஆகும் செலவு, உரிமத்தில் எழுதியிருக்கும் நேரம், இரவில் வேலை செய்ய ஆள்.

முதலில் வீடு திரும்புவதைப் பார்ப்போம். சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓடாத நேரம் சுமார் மூன்றரை மணி நேரம்தான். அதற்குள் மின்சாரத்தைத் துண்டித்து, தண்டவாளத்தைச் சோதித்து, பழுது பார்த்து, விடியுமுன் வழிவிட வேண்டும். 2011 டிசம்பர் 15, 17 ஆகிய நாள்களில் வடக்கு-தெற்குத் தடத்தில் ரயில்கள் மணிக்கணக்கில் நின்றுபோனதை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு பராமரிப்புக்கு நேரம் போதவில்லை என்ற பேச்சு வலுத்தது. 2017 டிசம்பரில் சில நிலையங்களை இரவு 11 மணிக்கே மூடவும் செய்தார்கள். நிலைமை இப்படி இருக்கையில் ரயிலை இரவு முழுக்க ஓட்டச் சொல்லிக் கேட்பது எளிதல்ல.

அப்படியானால் நியூயார்க்கில் மட்டும் சுரங்க ரயில் 24 மணி நேரமும் எப்படி ஓடுகிறது? அங்கு முக்கியத் தடங்கள் பலவற்றில் நான்கு தண்டவாளங்கள் இருக்கின்றன. விரைவு ரயிலுக்கு இரண்டு, எல்லா நிலையங்களிலும் நிற்கும் ரயிலுக்கு இரண்டு. ஒரு ஜோடியில் பழுது பார்க்கும்போது மற்ற ஜோடியில் வண்டி ஓடும். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கு முன் பொறியாளர்கள் போட்ட கூடுதல் தண்டவாளம் இன்றைய நியூயார்க்கின் இரவைத் தாங்குகிறது. லண்டனுக்கு அந்த வசதி குறைவு. அதனால் அங்கு 2016 ஆகஸ்டில் தொடங்கிய இரவு ரயில் சேவை வெள்ளி, சனி இரவுகளில், அதுவும் சில தடங்களில் மட்டுமே ஓடுகிறது.

கடைசி ரயிலை விட்டுவிட்டால் சிங்கப்பூரில் டாக்சிதான். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் கட்டணத்தோடு 50 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சொந்தக் கார் என்றால், பத்து ஆண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழே அண்மை ஆண்டுகளில் பலமுறை 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. வார இறுதி இரவுகளில் ஓடிக்கொண்டிருந்த நைட் ரைடர், நைட் அவுல் பேருந்துகள் 2020 ஏப்ரலில் கிருமிப் பரவலால் நின்றன. 2022இல் அவை இனித் திரும்பி வரா என்றே அறிவித்துவிட்டார்கள். பதினொன்றரை ஆனதும் மேசையில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது இதனால்தான்.

கோலாலம்பூரிலும் ரயில் நிற்கிறது, ஆனால் அதைப் பற்றிக் கவலைப்படுகிறவர் குறைவு. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள், இல்லையென்றால் ஒரு பழைய மைவியாவது இருக்கும். செந்தூலிலோ கிள்ளானிலோ கடைவீட்டு வரிசைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் மாமாக் கடை. மாமா என்ற நம் சொல்லிலிருந்து வந்த பெயர்தான் அது. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த அந்தக் கடையில் மது கிடையாது. ஆகவே மதுபான உரிமத்தின் நேரக் கட்டுப்பாடும் அதைத் தொடாது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் யாரும் தயங்காமல் உட்காரலாம், குடும்பத்தோடும் வரலாம். ஐரோப்பியக் காற்பந்து இங்கே பின்னிரவில் ஒளிபரப்பாவதால் பெரிய திரையும் வந்துவிட்டது. ஒரே ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்புவதில்லை.

சிங்கப்பூரில் மக்களில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வீவக அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். பல காப்பிக்கடைகள் அந்த அடுக்குமாடிகளின் தரைத்தளத்திலேயே இருக்கின்றன. கீழே நாற்காலி இழுபடும் சத்தம் மேலே குழந்தையை எழுப்பிவிடும். அங்கும் விடிய விடியத் திறந்திருக்கும் கடைகள் உண்டு. ஆனால் நம் ஊர்போல் சாலையோரம் வரை மேசை போட்டுக் கூச்சலிட இடமும் இல்லை, பொறுத்துக்கொள்ள அண்டை வீட்டாரும் இல்லை.

அடுத்தது உரிமம். தோட்டத்துக் கள்ளுக்கடையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைக் குடிக்கிறவன் தீர்மானித்ததில்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நகரத்திலும் அதே கதைதான். இதை எவரையும்விடத் தேக்கா நன்றாக அறியும்.

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்கக் கட்டுமானத் தளங்களில் உழைத்த தமிழக, வங்காளதேசத் தொழிலாளர்கள் வழக்கம்போல் லிட்டில் இந்தியாவில் கூடியிருந்தார்கள். இரவு ஒன்பது மணியைத் தாண்டிய நேரத்தில், தொழிலாளர்களைத் தங்குவிடுதிகளுக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்து ஒன்றில் அடிபட்டுத் தமிழகத்தைச் சேர்ந்த 33 வயதுத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். தொடர்ந்து மூண்ட கலவரத்தில் அவசர ஊர்திகளும் காவல்துறை வாகனங்களும் எரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிங்கப்பூர் அப்படியொன்றைக் கண்டதில்லை. விசாரணைக் குழு சுட்டிய காரணங்களில் மதுவும் ஒன்று.

2015 ஏப்ரல் 1 முதல் புதிய மதுபானச் சட்டம் நடப்புக்கு வந்தது. நாடு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது, கடையில் வாங்கிச் செல்லவும் முடியாது என்று அப்போது விதிக்கப்பட்டது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின. அங்கு வார இறுதியில் மாலை 7 மணிக்கே கடையில் விற்பனை நின்றுவிடும், பொது இடத்தில் குடிப்பதற்கும் வார இறுதி முழுவதும் தடை. வட்டாரவாசிகள் பலர் நிம்மதி அடைந்தார்கள். சிறு கடைக்காரர்களுக்கு வியாபாரம் குறைந்தது. தொழிலாளிக்கோ வாரத்தில் ஒரே மாலைதான் ஓய்வு. சம்பளத்தில் குளிர்சாதன மதுக்கூடத்துக்குப் போய் உட்கார அவரால் முடியாது. அவர் உட்கார்ந்த இடம் புல்வெளிதான். அதே சட்டத்தின் கீழ் கிளார்க் கீயில் உரிமம் பெற்ற கூடங்கள் பின்னிரவு வரை நடக்கின்றன. ஆக, அமைதி வந்தது உண்மை, அதற்கு எல்லோரும் ஒரே விலை கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

இப்படி ஒரு முடிவு ஊரை அடக்குவதும், மறு முடிவு எழுப்புவதும் வேறு இடங்களிலும் நடந்திருக்கின்றன. மேற்கு பெர்லினில் 1949இல் மதுக்கூடங்களின் மூடும் நேரத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த நகரத்தின் இரவு இன்றுவரை பேர்போனது. சிட்னியில் இளைஞர்கள் தாக்கிக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 2014இல், அதிகாலை 1.30க்கு மேல் மதுக்கூடங்களுக்குள் புதிதாக யாரையும் விடக்கூடாது என்று சட்டம் வந்தது. பல கூடங்கள் மூடப்பட்டன, நகரம் உயிரிழந்துவிட்டது என்ற புகார் ஓயவில்லை. 2020 ஜனவரியில் நகர மையத்தில் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது.

மூன்றாவது விஷயம், ஆள். மாமாக் கடையின் இரவு இப்போது ஆட்டம் காண்பது இங்கேதான். 2020 மார்ச்சில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மூடிய கடைகளில் எல்லாமே பழையபடி விடிய விடியத் திறக்கவில்லை. இரவு வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வருவதில்லை. அந்நியத் தொழிலாளர் எடுப்பதற்கோ அரசாங்கத்தின் கதவைத் தட்ட வேண்டும். 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. தொழிலாளிக்கு நல்லதுதான், ஆனால் மூன்றாவது ஷிப்டுக்குத் தனியாக ஆள் போட வேண்டும். 2024இல் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 24 மணி நேர உணவகங்களே வேண்டாம், பின்னிரவில் சாப்பிடுவது உடலைக் கெடுக்கிறது என்றது. உணவக உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். உடல்நலக் கவலை நியாயமானதே. ஆனால் மூன்று மணிக்கு அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் வெட்டிப் பேச்சுக்காரர்கள் அல்லர். மருத்துவமனைத் தாதியர், பாதுகாவலர், தொழிற்சாலை ஷிப்ட் முடித்தவர், லாரி ஓட்டுநர் என்று நம்மவர்களில் எத்தனையோ பேர் அங்கே சுடுசோறு சாப்பிடுகிறார்கள். சிங்கப்பூரிலும் 2003 முதல் இரவு பகல் பாராமல் திறந்திருந்த முஸ்தபா சென்டர், கிருமிப் பரவலோடு அந்த வழக்கத்தை விட்டது. வேலை முடிந்து நள்ளிரவில் அரிசி பருப்பு வாங்கியவர்களுக்குத்தான் அதன் இழப்பு தெரியும்.

இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவில் ஜோகூர் பாரு இருக்கிறது. ஸ்கூடாய், மாசாய், கூலாய் பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகாலை நான்கு, ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிளோடு பாலத்தில் நிற்கிறார்கள். அதற்கு எழ வேண்டுமென்றால் ஒன்பது மணிக்கே படுக்க வேண்டும். தோட்டத்தில் பெரட்டுக்கு எழுந்த தலைமுறையின் தூக்க நேரம், பேரப்பிள்ளைகளுக்கு வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது.

புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் ஐந்தே நிமிடத்தில் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதியில் ஓடத் தொடங்கும் என்பது திட்டம். காலை 6 மணியிலிருந்து நள்ளிரவு வரை சேவை என்று சொல்லப்பட்டிருக்கிறது. பகல் வேலைக்காரர்களுக்குப் பெரிய நிம்மதி. ஜூரோங்கில் பதினொன்றரைக்கு ஷிப்ட் முடித்து, எம்ஆர்டி பிடித்து உட்லண்ட்ஸ் வருகிறவர் மட்டும் முன்போலவே பாலத்து வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.