பவளத்துக்கும் வெயில் கொளுத்தும்! தொட்டி விளக்கைக் கூட்டுவதா, குறைப்பதா?

புதிதாக வாங்கிவந்த பவளம் நான்கே நாளில் நிறம் மங்கி வெளுக்கத் தொடங்குகிறது. தொட்டியின் சொந்தக்காரர் என்ன செய்வார்? 'வெளிச்சம் பத்தலைபோல' என்று நினைத்து, செல்போனை எடுத்து ஆப்பில் விளக்கை இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுவார். அடுத்த வாரம் அந்தப் பவளம் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளைவெளேரென்று நிற்கும்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வரவேற்பறையில் கடல்நீர்த் தொட்டி வைத்து, உயிருள்ள பவளங்களை வளர்ப்பது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. 'ரீஃப் டேங்க்' என்பார்கள். நீலமும் ஊதாவும் பச்சையுமாக ஒளிரும் அந்தத் தொட்டிகளை இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு, 'நம்ம வீட்லயும் வைக்கலாமா?' என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், பதில்: கடினப் பவளங்களை வைக்க முடியாது. பவளப்பாறை கட்டும் அந்த இனங்கள் அனைத்தும், கடல் விசிறி, கறுப்புப் பவளம் போன்றவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. மீறினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வாங்கலாம். இந்தப் பவளங்களை வாங்கக் கூடாது.

ஆனால், தொட்டிக்காரர்கள் பல பவளங்களைப் பலிகொடுத்துக் கற்றுக்கொண்ட ஒளிப் பாடம் வரவேற்பறையோடு நின்றுவிடவில்லை. கடலில் அழிந்துகொண்டிருக்கும் பவளங்களைக் காப்பாற்றப் போராடும் ஆய்வுக்கூடங்களும் இன்று அதே மாதிரியான விளக்குகளைத்தான் நம்பியிருக்கின்றன.

சமைத்துப் போடும் குடித்தனக்காரர்

பார்க்கச் செடிபோல இருந்தாலும் பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. ஒளியை வைத்து அவை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி வீட்டுக்காரரான பவளத்துக்குப் போகிறது. பல பவளங்களுக்குத் தேவையான சக்தியில் 90 சதவிகிதம் வரை இப்படித்தான் கிடைக்கிறது. குடியிருப்பவர் வாடகைக்குப் பதிலாகச் சமைத்துப் போடும் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒளி அளவுக்கு மீறினால் இந்த ஏற்பாடு கெட்டுப்போகிறது. தாங்கும் எல்லையைத் தாண்டி ஒளி வந்துகொண்டே இருக்கும்போது, பாசிக்குள் ஆக்சிஜனின் தீங்கான வடிவங்கள் உருவாகி, பவளத்தின் செல்களையே அரிக்கின்றன. வேறு வழியில்லாமல் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறத்தில் பெரும்பங்கு பாசியுடையது என்பதால், அது போனதும் கண்ணாடிபோன்ற சதை வழியே உள்ளே இருக்கும் சுண்ணாம்பு எலும்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் பவளம் இறந்துவிடவில்லை. பட்டினி கிடக்கிறது. அப்போது போய் விளக்கைக் கூட்டினால், மீண்டு வருவதற்கு இருக்கும் கொஞ்ச வாய்ப்பும் போய்விடும்.

வெளிச்சம் குறைந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. கிடைக்கிற ஒளியைப் பிடிக்கப் பாசிகள் பெருகும். நீலமும் இளஞ்சிவப்பும் மறைந்து பவளம் பழுப்பாகும். ஆகவே வெளுத்தால் ஒளி அதிகம், பழுப்பானால் குறைவு என்பது முதல் சந்தேகம். முடிவான தீர்ப்பு அல்ல. தண்ணீர் சூடானாலும் உப்பளவு திடீரென மாறினாலும் பவளம் வெளுக்கும். நீரில் நைட்ரேட் மிகுந்தாலும் பழுப்பாகும். விளக்கில் கை வைக்கும் முன் தெர்மாமீட்டரைப் பார்ப்பதே நல்லது.

கண்ணை நம்பாதே

இவ்வளவு தெரிந்த பிறகும் தவறு நடப்பதற்குக் காரணம் நம் கண். மனிதக் கண்ணுக்குப் பச்சை, மஞ்சள் ஒளிதான் பிரகாசமாகத் தெரியும்; அடர்நீலம் மங்கலாகவே தெரியும். பவளப் பாசிக்கோ நீல ஒளிதான் பிடித்தமான சாப்பாடு. கடல்நீர் சிவப்பை முதலில் உறிஞ்சிவிடுவதால், ஆழத்தில் வாழும் பவளத்துக்கு எட்டுவதும் அதுதான். அதனால் நமக்கு 'டிம்' ஆகத் தெரியும் நீல எல்.இ.டி., பவளத்துக்குச் சித்திரை வெயிலாக இருக்கலாம். முன்பு மெட்டல் ஹாலைடு, டி-5 டியூப் விளக்குகள் வைத்திருந்தவர்கள் எல்.இ.டி.க்கு மாறியபோது, 'அதே வெளிச்சம்தானே' என்று நம்பிப் பவளங்களைக் கருக்கிய கதைகள் ஏராளம்.

கண்ணுக்குப் பதிலாக 'பார்' மீட்டர் என்ற கருவி இருக்கிறது. பாசி உணவு தயாரிக்கப் பயன்படும் ஒளியை மட்டும் அளப்பது. வெப்பமண்டல நண்பகல் வெயில் இந்தக் கணக்கில் சுமார் 2,000. தொட்டியில் காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். கிளைகிளையாக வளரும் அக்ரோபோரா வகைக்கு 200 முதல் 350 வரை வைக்கிறார்கள். கருவி விலை அதிகம் என்பதால், சில வெளிநாட்டுக் கடைகளும் குழுக்களும் வாடகைக்குத் தருகின்றன. ஒரே விளக்கின் கீழ் மேல் பாறையில் 300, அடியில் 80 என்று அளவு மாறும். எனவே விளக்கை மாற்றாமல் பவளத்தின் இடத்தை மாற்றுவதும் ஒளியைச் சரிசெய்வதுதான்.

நர்சரியில் பச்சை வலை நிழலில் வளர்ந்த ரோஜாச் செடியை வாங்கிவந்து, நேராக மொட்டை மாடி வெயிலில் வைத்தால் என்ன ஆகும்? பவளத்துக்கும் அதுவே. புதுப் பவளத்தை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, வாரக்கணக்கில் படிப்படியாக மேலே ஏற்ற வேண்டும். புது எல்.இ.டி. என்றால் பாதித் திறனில் தொடங்கி, 3, 4 வாரங்களில் மெள்ளக் கூட்ட வேண்டும். திறனைக் குறைக்க வழியில்லாத விளக்கா? கொசுவலைபோன்ற வலையை நாலைந்து அடுக்காகத் தொட்டிமேல் போட்டு, சில நாள்களுக்கு ஒன்றாக எடுத்துவிடுகிறார்கள். செலவில்லாத உத்தி. முழு வெளிச்சம் நாளுக்கு 8 மணி நேரம் இருந்தால் பெரும்பாலும் போதும். விருந்தாளி வந்தார் என்று நள்ளிரவு வரை எரியவிடுவது பவளத்துக்குச் செய்யும் கொடுமை.

இதில் கஷ்டமானது காத்திருப்பதுதான். இன்று செய்த மாற்றத்தின் பலன் தெரிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் கை சும்மா இருக்காது. ஆப் வேறு கையிலேயே இருக்கிறது.

நிலவையும் கொண்டுவந்தார்கள்

கடலில் ஸ்விட்ச் கிடையாது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவு வெளுத்தபோது முதல் குற்றவாளி கடலின் வெப்பம். ஆனால், சூடான நீரில் பாசியின் தாங்கும் எல்லை குறைந்துவிடுவதால், வழக்கமான வெயிலே கூடுதலாகிவிடுகிறது. வெளுப்பின்போது பாறை நிழலில் இருக்கும் பகுதிகள் பல இடங்களில் தப்பிப்பது இதனால்தான்.

லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ் தலைமையிலான குழு 2012-ல் வேறொரு கேள்வியோடு தொடங்கியது. பல பவளங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகளில் மட்டுமே முட்டையும் விந்தும் வெளியிடும். தொட்டிக்குள் அதை நடத்த முடியுமா? அவர்கள் கடலின் ஓராண்டையே தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள். மாதத்துக்கு மாதம் மாறும் நீரின் வெப்பம், பகலின் நீளம், எல்.இ.டி.யில் வளர்ந்து தேயும் நிலவு என அனைத்தும் கணினிக் கட்டுப்பாட்டில். வெளி வெளிச்சம் உள்ளே கசியாமலும் பார்த்துக்கொண்டார்கள். நான்கு அக்ரோபோரா இனங்கள் தொட்டியிலேயே முட்டையிட்டன; 2017-ல் அந்த முறையை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அது எட்டிய இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா. அங்கே 2014-ல் மயாமிக்கு அருகே பரவத் தொடங்கிய திசுச்சிதைவு நோய், தூண் பவளத்தை ஏறக்குறைய துடைத்தெடுத்துவிட்டது. இந்த இனத்தில் ஆண், பெண் கூட்டங்கள் பொதுவாகத் தனித்தனி. மிஞ்சியவை ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நின்றதால், கடலில் முட்டையும் விந்தும் சந்திக்கவே வழியில்லை. கடலிலிருந்து எடுத்துக் காப்பாற்றிய கூட்டங்களை ஃபுளோரிடா அக்வேரியம் தன் ஆய்வுக்கூடத்தில் வைத்து, ஹார்னிமன் குழுவின் துணையோடு அதே செயற்கைச் சூரியனையும் நிலவையும் காட்டியது. 2019 ஆகஸ்டில், பௌர்ணமி கழிந்த சில நாள்களில், அந்தத் தூண் பவளங்கள் முட்டையிட்டன. அட்லாண்டிக் பவளம் ஒன்று ஆய்வுக்கூடத்தில் இப்படித் தூண்டப்பட்டு முட்டையிட்டது அதுவே முதல் முறை.