புத்தளம் களப்பும் ஜப்பானியப் பலசரக்கும்

கடல் கடந்து வாழச் செல்பவர் முதலில் தேடுவது தொழிலை. அடுத்துத் தேடுவது தமது நாவுக்குப் பழகிய உணவை. 2019ஆம் ஆண்டில் இலங்கையும் ஜப்பானும் திறன்சார் தொழிலாளர் தொடர்பான ஒத்துழைப்பு உடன்பாடொன்றில் கைச்சாத்திட்டன. அதன் பின்னர் நமது இளைஞர் பலருக்கு ஜப்பான் புதியதொரு தொழிற்களமாகத் திறந்தது. ரமழான் மாதத்து மாலைப் பொழுதொன்றில், ஜப்பானியப் பேரங்காடியின் தட்டுகளுக்கு முன்னால் நிற்கும் கற்பிட்டி இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நோன்பு திறக்கும்போது உண்ணும் கடற்பாசியும், சம்பலுக்கு இடும் மாசியும் அவரது நினைவில் வருகின்றன. பொதிகளின் மீதுள்ள எழுத்தோ அவருக்குப் புரியவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஜப்பானில் சில ஆண்டுகள் வாழ்ந்து புத்தளத்துக்குத் திரும்பியவரோ, நமது கரையோரத்தில் தங்கியிருக்கும் ஜப்பானியரோ, அந்நாட்டுச் சமையலுக்குரிய பொருள்களை இங்கு தேடி அலைய நேரிடலாம். பெயரைக் கொண்டு தேடினால் இருவருமே வெறுங்கையுடன் திரும்புவர். பொருளின் தன்மையை அறிந்து தேடினால் இருவரது தேவையும் அருகிலேயே கிடைக்கும். காரணம், நமது சமையலறைக்கும் ஜப்பானியச் சமையலறைக்கும் இடையே கடல் தந்த உறவொன்று உள்ளது.

முதலில் மாசியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானியச் சமையலின் அடிப்படை 'தாஷி' எனப்படும் சாறாகும். 'கட்சுவோபுஷி' எனும் உலர்ந்த மீனையும் 'கொம்பு' எனும் கடற்றாவரத்தையும் கொண்டு அது தயாரிக்கப்படுகிறது. கட்சுவோபுஷி என்பது வேறொன்றுமன்று. சூரை மீனை அவித்து, முள் நீக்கி, புகையிட்டு, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தியதாகும். நமது மாசியும் அதே மீன். ஏறத்தாழ அதே செய்முறை. ஜப்பானியர் சிலவகைக் கட்சுவோபுஷியில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளரவிட்டு மேலும் பதப்படுத்துவர். பின்னர் சீவுளியால் மெல்லிய இதழ்களாகச் சீவுவர். நாம் இடித்துத் தூளாக்குகிறோம். 1913ஆம் ஆண்டில் கொடாமா ஷின்தாரோ என்ற ஆய்வாளர், கட்சுவோபுஷியின் சுவைக்கு இனோசினேற்று எனும் கூறே காரணமெனக் கண்டறிந்தார். தேங்காய்ச் சம்பலில் ஒரு சிட்டிகை மாசி சேர்ந்ததும் சுவை உயர்வதன் இரகசியமும் அதுவே.

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தியொன்றைக் குறிப்பிடுவது பொருத்தமாகும். மாலைத்தீவில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அங்கு மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்தி, இந்தியா, சீனம், யெமன் ஆகிய தேசங்களுக்கு அனுப்பும் வழக்கத்தைத் தமது பயண நூலில் பதிவுசெய்துள்ளார். அவர் 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தபோது கரையிறங்கிய 'பத்தாலா' என்ற பட்டினம் புத்தளமே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவரது உதவியுடனேயே அவர் பாவாத மலைக்குச் சென்றார். மாசியைப் பற்றி எழுதிய பயணி நமது கரையிலேயே வந்திறங்கினார் என்பது, இக்கடல்வழி உறவின் பழைமையை உணர்த்துகிறது.

அடுத்தது கடற்பாசி. நமது முஸ்லிம் இல்லங்களில் ரமழான் காலத்தில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி உறையவைக்கும் கடற்பாசியும், ஜப்பானியர் 'கன்டென்' என அழைப்பதும் ஒரே பொருளே. அறிவியலாளர் அதனை அகார் என்பர். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கியோத்தோவை அடுத்த புஷிமியில் விடுதி நடத்திய மினோ தாரோசாயெமொன் என்பவர், எஞ்சிய பாசிக் கூழைக் குளிர்கால இரவில் வெளியே வீசியதாகவும், அது இரவில் உறைந்து பகலில் உருகி, சில நாள்களில் வெண்ணிற உலர்பொருளாக மாறியதாகவும் மரபுக் கதையொன்று கூறுகிறது. கதை எவ்வாறாயினும், குளிரையும் வெயிலையும் மாறிமாறிப் பயன்படுத்தி நீரை அகற்றுவதே அத்தொழிலின் அடிப்படை. நகானோ மாநிலத்தின் சினோ பகுதியில் இன்றும் அம்முறையில் கட்டிக் கன்டென் தயாரிக்கப்படுகிறது.

ஆகவே, ஜப்பானிலுள்ள நம்மவர் கேட்க வேண்டிய சொல் 'கன்டென்'. அது கட்டியாகவும் நூலாகவும் தூளாகவும் விற்கப்படுகிறது. கட்டியையும் நூலையும் முதலில் ஊறவைத்த பின்னரே கொதிக்கவைத்துக் கரைக்க வேண்டும். தூள் என்றால் ஏறத்தாழ நான்கு கிராம், அரை லீற்றர் நீரை உறையவைக்கப் போதுமானது. சாதாரண அறை வெப்பத்திலேயே அது உறைந்துவிடும். மீண்டும் உருகுவதற்கு ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்திலும் நமது வெப்பப் பிரதேசத்து வீடுகளில் இது நிலைபெற்றதற்கு இவ்வியல்பே காரணமாகும்.

இங்கு முஸ்லிம் வாசகர்கள் கவனத்திற் கொள்ளவேண்டிய வேறுபாடொன்று உள்ளது. தோற்றத்தில் கடற்பாசியைப் போன்றிருக்கும் ஜெலட்டின், விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் பெறப்படுவது. பன்றியிலிருந்து பெறப்படுவது அதில் பெரும் பங்கினது. கன்டெனோ முழுமையாகத் தாவரஞ் சார்ந்தது. ஜப்பானில் ஒவ்வாமை தொடர்பாகப் பொதிகளில் குறிப்பிடுமாறு பரிந்துரைக்கப்பட்டுள்ள பொருள்களின் பட்டியலில் பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் அடங்கும். எனினும் அது கட்டாயமன்று; பரிந்துரை மட்டுமே. எனவே, குறிப்பு இல்லாததை மட்டும் வைத்து ஐயம் நீங்கியதாகக் கொள்ளலாகாது. 'மிரின்' எனும் இனிப்புச் சுவையூட்டியில் ஏறத்தாழ 14 சதவீத மதுசாரம் உண்டு. சோயா சோஸ் நொதிக்கும்போது இயற்கையாகவே சிறிதளவு மதுசாரம் உருவாகிறது. பழுதடையாதிருக்க மேலதிகமாகச் சேர்க்கப்படுவதும் உண்டு. இவை குறித்து மார்க்க அறிஞர்களிடம் விளக்கம் பெறுவதே முறை. ஹலால் சான்றிதழ் பெற்ற சோயா சோஸ் ஜப்பானிலேயே தயாராகிறது. தோக்கியோவின் ஷின்-ஒகுபோ பகுதியில் ஹலால் கடைகள் பல உள்ளன. 1935ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோபே பள்ளிவாசல் போன்ற இடங்களில் ஒன்றுகூடுவோரிடமும் நம்பகமான வழிகாட்டலைப் பெறலாம்.

இனி நமது கரைக்குத் திரும்புவோம். புத்தளத்துக் கடையில் வாங்கும் கடற்பாசிப் பொதி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்ததாகவே இருக்கிறது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவ நூல்களில் 'இலங்கைப் பாசி' என ஒரு பொருள் புகழ்பெற்றிருந்தது. அது கிடைக்கும் இடமாக அந்நூல்கள் குறிப்பிட்டது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட களப்பையே. தென்மேற்குப் பருவக்காற்றின்போது நீரின் அலைப்பினால் விடுபட்டு வரும் பாசியை மக்கள் சேகரித்து, பாயில் பரப்பி உலர்த்தி, நன்னீரில் பலமுறை கழுவி, வெயிலில் வெளுக்கச் செய்தனர் என்ற செய்முறையும் அவற்றில் இடம்பெற்றுள்ளது. கஞ்சிப்பாசி என அழைக்கப்படும் அச்சிவப்புப் பாசியினத்தை, இலங்கைக் கடற்பாசிகள் பற்றி 1961ஆம் ஆண்டில் வெளியான எம். துரைரட்ணத்தின் ஆய்வும் பதிவுசெய்துள்ளது. நமது களப்பில் விளைவதை விட்டுவிட்டு, பிற நாட்டாரின் பொதியை நாம் ஏன் வாங்குகிறோம் என்ற வினா இங்கு எழுகிறது.

விடை செய்முறையில் உள்ளது. கஞ்சிப்பாசியை வெறுமனே காய்ச்சினால் கிடைக்கும் கூழ் மென்மையானது, உறுதியாக உறைவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானியர், இவ்வினப் பாசியைக் காரக் கரைசலில் சூடாக்கிப் பதப்படுத்தினால் உறைதிறன் பெருமளவு உயரும் எனக் கண்டு, அதனைத் தொழில்முறையாக்கினர். அதன் பின்னரே சிலி, இந்தோனேசியா போன்ற நாடுகளின் பாசிக்கு உலகச் சந்தை திறந்தது. இந்தோனேசியாவில் உவர்நீர்க் குளங்களில் இறாலுடனும் பால்மீனுடனும் இப்பாசி வளர்க்கப்படுகிறது.

நமது மாவட்டத்திலும் அத்தகைய குளங்கள் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டில் பரவிய வெண்புள்ளி நோய் இறால் வளர்ப்பைப் பெரிதும் பாதித்தது. அதன் பின்னரான ஆண்டுகளில் சிலாபம் முதல் புத்தளம் வரை பல குளங்கள் கைவிடப்பட்டன. கண்டல் காடுகளை அழித்து வெட்டப்பட்ட அக்குளங்களுட் சிலவற்றிலேனும் பாசி வளர்க்க இயலுமா என்பதை 'நாரா', 'நக்டா' ஆகிய நிறுவனங்கள் பரீட்சித்துப் பார்க்கலாம்.

எனினும் அவசரம் கூடாது. காரத்தைக் கொண்டு பதப்படுத்தும் ஆலைக்குப் பெருமளவு நன்னீர் வேண்டும். அதன் கழிவைக் களப்பில் விடவும் முடியாது. கற்பிட்டிக் குடாநாட்டின் நிலத்தடி நன்னீரோ ஏற்கெனவே விவசாய உரத்தின் நைத்திரேற்றினால் மாசடைந்துள்ளது. பாசியை வேரோடு பறித்தால், அதனிடையே வளரும் மீன்குஞ்சுக்கும் இறாற்குஞ்சுக்கும் இடமில்லாமற் போகும். களப்பை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர் அனைவரும் அதன் விளைவை அனுபவிக்க நேரிடும். ஆகவே, முதற்படியாக, சுத்தமாகக் கழுவி உலர்த்திய கஞ்சிப்பாசியை உணவுப் பொருளாகப் பொதியிட்டு விற்பதே ஏற்றது. அதற்கு ஆலை வேண்டியதில்லை; முன்னோர் அறிந்திருந்த பாயும் வெயிலும் நன்னீரும், அளவறிந்த அறுவடையும் போதும்.

ஜப்பானியக் கடையில் கன்டெனைக் கண்டறியும் நமது இளைஞர், தமது ஊரின் உணவொன்றை மீண்டும் பெறுகிறார். அவர் ஊர் திரும்பும்போது, அந்நாட்டின் பொதியை மட்டுமன்றி, அதனை உருவாக்கிய செய்முறை அறிவையும் உடன் கொண்டுவருவாராயின், களப்பில் மிதக்கும் பாசிக்கும் ஒரு விலை பிறக்கும். கடற்பாசி நமக்குப் புதியதன்று. அதனைப் பதப்படுத்தும் அறிவே நாம் இன்னும் தேட வேண்டிய சரக்காகும்.