முறுக்குப்பிடிக்கு ஒரு பூட்டு

மேற்கு அவுஸ்திரேலியாவிலே பலடோனியா, கைகுனா என்னும் இரு சிற்றிடங்களுக்கு இடையே எயர் நெடுஞ்சாலை 146.6 கிலோமீற்றர் தூரம் ஒரு வளைவேனும் இன்றி நூல் பிடித்தாற்போல் ஓடுகின்றது. அங்கே சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீற்றர். அவ்வேகத்திற் செல்லும் மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர் அந்த நேர்ப்பாதையைக் கடந்து முடிக்க ஒரு மணியும் இருபது நிமிடமும் ஆகும். அத்தனை நேரமும் அவருடைய வலக்கைக்கு உள்ள வேலை ஒன்றே ஒன்று: முறுக்கிய பிடியை முறுக்கியபடியே வைத்திருத்தல்.

இதுவும் ஒரு வேலையா என்று காரோட்டுவோர் கேட்கலாம். காரிலே குதிக்கால் தரையில் ஊன்றியிருக்கப் பாதம் மட்டுமே மிதிக்கின்றது. மோட்டார் சைக்கிளிலோ, பிடியை மூடிவிட முயலும் சுருள்வில் ஒன்று இடைவிடாது இழுத்துக்கொண்டிருக்கின்றது. அதன் வலு சிறிதுதான், ஆனால் ஓய்வில்லாதது. தண்ணீர்ச் செம்பொன்றை எடுத்து ஓரிடத்தில் வைப்பது எவருக்கும் எளிது. அதே செம்பை நீட்டிய கையிலே கால்மணி நேரம் ஏந்தி நிற்பது எளிதன்று. சுருங்கியும் தளர்ந்தும் வேலை செய்யும் தசையிலே குருதி தடையின்றிப் பாய்கின்றது. சுருங்கியபடியே நிற்கும் தசையோ தன்னூடே செல்லும் குருதிக் குழாய்களைத் தானே நெருக்கிக்கொள்கின்றது. எஞ்சினின் அதிர்வும், உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் நரம்புகள் மீது விழும் அழுத்தமும் இதனோடு சேர்கின்றன. முதலில் விரல் நுனிகள் கூசும், பின்னர் மரத்துப்போகும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று வீரம் பேசுவோர் உண்டு. முன்சில்லுப் பிறேக்கை இயக்குவதும் இதே வலக்கைதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். மோட்டார் சைக்கிளை விரைவாக நிறுத்தும்போது அவ்வலுவிற் பெரும்பகுதி முன்சில்லிலிருந்தே கிடைக்கின்றது. மாலை மங்கலிலே கங்காரு ஒன்று பாதையின் குறுக்கே பாயும்போது, உணர்விழந்த விரல்கள் பிறேக் நெம்புகோலைத் தேடி அலைய நேர்ந்தால் நிலைமை என்னாகும்? ஆகவே நெடும் பயணத்திற் கைக்கு ஓய்வு தேடுவதை வெறும் சொகுசு என்று தள்ளிவிட முடியாது.

பழைய வண்டிகளிலே இத்தொல்லை இவ்வளவு இருக்கவில்லை. பி. எஸ். ஏ., ட்றயம்ப் முதலிய ஆங்கிலேய வண்டிகளில் முறுக்குப்பிடியின் அடியிலே சிறு திருகாணி ஒன்று இருந்தது. அதனை இறுக்கினால் உராய்வு மிகும். பிடி விட்ட இடத்திலேயே நிற்கும். திருப்ப விளக்குகள் இல்லாத அந்நாட்களில், நம் நாட்டிலே போல இடப்புறமாக ஓட்டும் நாடுகளில் வலப்புறம் திரும்ப விரும்பியவர் வலக்கையை நீட்டிக் காட்ட வேண்டும். கையை எடுத்ததும் வேகம் சட்டென்று குன்றாதிருக்க அத்திருகாணி உதவியது. அமெரிக்காவின் பழைய ஹார்லி டேவிட்சன் வண்டிகளிலோ மூடும் சுருள்வில்லே கிடையாது.

இந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. ஓட்டுபவர் தவறி விழுந்தால், ஆளை இழந்த வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்! இதனாலேயே 1974-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்பு விதி, கையை எடுத்ததும் பிடி தானாகவே மூடவேண்டும் எனக் கட்டளையிட்டது. இக்காலத்துச் சுருள்வில் வெறும் இரும்புச் சுருளன்று. உயிர் காக்கும் உறுப்பு. அதனைச் சிறிது நேரம் அடக்கிவைக்கும் கருவியே திறொட்டில் பூட்டு எனப்படுவது.

அதன் அமைப்பு மிக எளியது. கைபிடியின் வெளிநுனியிலே, கைப்பாரின் முடிவிற் பொருந்தும் உலோக வளையம் ஒன்றை ஒரு புறமாகத் திருகினால் அது பிடியின் விளிம்பை அழுத்தும். மறுபுறம் திருகினால் விட்டுவிடும். தென்னாபிரிக்காவின் காவோக்கோ பூட்டு இவ்வகையினது. வேறு சிலவற்றில் பெருவிரலால் தட்டும் சிறு நெம்பொன்று பிடியைக் கவ்வும். காசு செலவழிக்க மனமில்லாதோர் ரப்பர் வளையமொன்றைப் பிடிக்கும் நுனிப்பாரத்திற்கும் இடையே செருகிக்கொள்வதும் உண்டு. அது விலகி உள்ளே நெருங்கினால் வேண்டாத நேரத்திலும் பிடி மூடாமல் இறுகும் என்பதால், அந்தச் சிக்கனத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நல்ல பூட்டுக்கு இலக்கணம் இதுதான்: அது சுருள்வில்லை வெல்ல வேண்டும், மணிக்கட்டுக்குத் தோற்க வேண்டும். பூட்டைத் தொடாமலே பிடியை முன்னோக்கி உருட்டினால் அது மூடியே தீரவேண்டும். பல வண்டிகளில் திறப்பதற்கு ஒன்றும் மூடுவதற்கு ஒன்றுமாக இரண்டு கம்பிவடங்கள் இருப்பதும் இதற்கு உதவுகின்றது. கையால் வெல்ல முடியாதபடி இறுகும் பூட்டு எத்துணை அழகியதாயினும் கழற்றி எறியத்தக்கது.

இனி, பலர் மயங்கும் ஓரிடத்திற்கு வருவோம். திறொட்டில் பூட்டு வேகத்தைக் காப்பதில்லை. திறப்பின் அளவை மட்டுமே காக்கின்றது. கார்களின் வேகங்காக்கும் பொறி வேறு வகையினது. அதனை அமைத்தவர் ரால்ஃப் டீற்றர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். ஐந்து வயதிற் பார்வையை இழந்தவர் அவர். தம்முடைய வழக்கறிஞர் காரோட்டும்போது பேசினால் வேகம் குறைவதையும், கேட்டால் கூடுவதையும் உணர்ந்து சலித்தே அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பர். 1950-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1958-இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் கார்களிலே அப்பொறி இடம்பெற்றது. அது வேகத்தை அளந்து, மேட்டிலே கூடுதலாகத் திறக்கும். இன்று பெரிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றிலும் மின்னணு வடிவில் இது உண்டு. பிறேக்கைத் தொட்டதும் விலகிவிடும்.

உராய்வுப் பூட்டுக்கு அந்த அறிவு கிடையாது. சமதரையில் அது ஒழுங்காகவே நடந்துகொள்ளும். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு அவ்வேகத்தின் இருமடி வீதத்தில் ஏறுவதால், ஒரே திறப்பிலே வண்டி ஏதோவொரு வேகத்தில் அமைதி கொள்கின்றது. மேடு வந்தால் வேகம் தளரும். இறக்கம் வந்தால் கூடும். எதிர்காற்று அடித்தால் குறையும். பிறேக்கை அழுத்தினாலும் எஞ்சின் முன்னோக்கித் தள்ளியபடியே இருக்கும். கிளச்சை இழுத்தாலோ சுமை நீங்கிய எஞ்சின் ஓலமிட்டுச் சுழலத் தொடங்கும். அந்த ஓலத்தைக் கேட்டுத் திடுக்கிடுபவர் கிளச்சைச் சட்டென்று விட்டுவிட்டால் வண்டி துள்ளிப் பாயும். முதலிற் பிடியை மூடுவது, பின்னரே மற்றவை என்பது கைக்குப் பழக்கமாகிவிட வேண்டும். வலப்புறம் பெருவிரல் எட்டும் இடத்திலே இருக்கும் எஞ்சின் நிறுத்தும் சிவப்புப் பொத்தானும் நினைவிலிருத்தல் நன்று.

இப்பழக்கத்தை வீதியிலே தேடலாகாது. வீட்டு முற்றத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பூட்டைப் போட்டும், அதை மீறிப் பிடியை உருட்டியும் பல முறை பார்க்க வேண்டும். கைப்பாரை இரு புறமும் முழுதாகத் திருப்பி, பூட்டில்லாதபோது பிடி தடையின்றி மூடுகின்றதா என்பதையும் சோதிக்க வேண்டும். வீதியிலே பூட்டிய பின்னரும் கையைத் தொடை மீது வைத்துக்கொண்டு இயற்கைக் காட்சி பார்ப்பது தகாது. 110 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 30 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். விரல்களை விரித்து மடக்கி, மணிக்கட்டை உதறி, உடனே கை பிடிக்குத் திரும்பவேண்டும். மழையிலும், வளைவிலும், நெரிசலிலும் பூட்டுக்கு வேலையில்லை.

அவ்வாறாயின் நம் நாட்டிலே இதற்கு இடமுண்டா? அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி கிடையாது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் நெடும்பாதையிலும் மாடும் நாயும் சைக்கிளும் ஒழுங்கையிலிருந்து திடீரென ஏறும் முச்சக்கரவண்டியும் எதிர்ப்படாத பத்து நிமிடம் அரிது. அங்கே இந்தப் பூட்டினால் வரும் ஓய்வைவிட அபாயமே பெரிது என்பது என் கருத்து. நம்மவருக்கு ஏற்றது வேறொன்று: பிடியிலே மாட்டும், உள்ளங்கை அகலமான சிறு பிளாஸ்ரிக் தகடு. விரல்களால் இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையின் அடிப்பாகத்தை அதன் மேல் சாய்த்தே திறொட்டிலைத் திறந்து வைத்திருக்கலாம். கையை எடுத்த கணமே சுருள்வில் தன் வேலையைச் செய்துவிடும். அத்தகட்டைப் பொருத்தும்போது, பிறேக்குக்கு விரல்கள் நீளும்போது உள்ளங்கை அதனை அழுத்தாதவாறு கோணத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நிறுத்துமிடத்தில் வண்டியை மெல்ல நகர்த்தும் வேளையில் அதனைக் கீழே திருப்பிவிடுதல் நலம்.